‘சேவ் ஆயிடுச்சு’ன்னு சொன்னது யாரு?

தீபாவளி நெருங்கினால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டு விஷயம் தவறாது. மாலை நாலு மணிக்கு இடி. நாலரைக்கு ‘சார், என் ஃபைல் போச்சு’ என்று எனக்கு ஒரு வாட்ஸ்அப். இந்த இதழை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். முறுக்குக்கு வெண்ணெயா நெய்யா என்று கேட்டிருக்கும் செந்தூல் அம்மாள் ஓர் இதழ் பொறுத்தருள வேண்டும்.

கே: ஜாலான் தெங்கு கிளானாவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். மூன்று கவுண்டர், எல்லா பில்லும் ஒரே கணினிக்குப் போகும். ஒவ்வொரு பில்லுக்கும் ‘சேவ் ஆனது’ என்று திரையில் வந்தது. பட்டென்று கரண்ட் போனது. திரும்ப வந்தபோது கடைசி நாலு பில்லைக் காணோம். கணினி பொய் சொல்லுமா?
– துணிக்கடைக்காரர், கிள்ளான்

ப: பொய் சொல்லவில்லை. மாமாக் கடைத் தம்பி மாதிரிப் பேசியிருக்கிறது. ‘தே தாரிக் ரெண்டு, ரொட்டி சானாய் ஒண்ணு’ என்றதும் அவர் ‘ஓக்கே பாஸ்’ என்கிறாரே, ரொட்டி கல்லில் வெந்துவிட்டது என்றா பொருள்? காதில் விழுந்தது என்று பொருள். எழுதிக்கூட வைக்கவில்லை. இன்னும் நாலு மேசையைச் சுற்றிவிட்டு, எல்லாவற்றையும் மொத்தமாக அடுப்படியில் போய்ச் சொல்வார். அதுவரை உங்கள் ரொட்டி அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

உங்கள் பில்லும் அப்படித்தான். பில் போடும் மென்பொருள் அதை விண்டோஸிடம் கொடுக்கிறது. விண்டோஸ் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ‘ஓக்கே பாஸ்’ என்கிறது. திரையில் நீங்கள் பார்த்த ‘சேவ் ஆனது’ இதுதான். பிறகு, ஓய்ந்த நேரத்தில் அது வட்டிடம் கொடுக்கும். வட்டும் லேசுப்பட்டதில்லை, தனக்கென்று ஒரு சின்ன நினைவகம் வைத்திருக்கிறது, அதில் வாங்கி வைத்துக்கொண்டு அதுவும் ‘ஓக்கே பாஸ்’ சொல்லும். நிஜமான எழுத்து அதற்கும் பிறகு. மின்சாரம் போனால் நடுவில் இருக்கும் இந்த இரண்டு ‘ஓக்கே’யும் காற்றோடு போகும்.

விண்டோஸில் இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு வைத்திருக்கும் பெயரே ‘லேஸி ரைட்டர்’. சோம்பேறி எழுத்தர்! வினாடிக்கு ஒருமுறை எழுந்து, நிலுவையில் இருப்பதில் சுமார் எட்டில் ஒரு பங்கை எழுதக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார். லினக்ஸ்காரர் 5 வினாடிக்கு ஒருமுறை எழுந்து, 30 வினாடிக்கு மேல் காத்துக் கிடப்பதை எழுதுவார். தீபாவளிக் கூட்டத்தில் மூன்று கவுண்டருக்கு நாலு பில் என்பது கணக்குக்குச் சரியாக இருக்கிறது. பில் சுருளின் கடைப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு நாலையும் மறுபடி அடித்துவிடுங்கள். காகிதத்துக்கு மின்சாரம் வேண்டாம்.

கே: ‘ரைட் கேஷ்’ என்பதற்குத் தமிழில் என்ன?
– தமிழாசிரியை, பெட்டாலிங் ஜெயா

ப: ‘எழுத்துத் தேக்கம்’ என்று நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன். தேர்வுத் தாளில் கேட்டுவிடாதீர்கள். தமிழில் எழுதினால் கல்லாப்பெட்டிக் கேஷும் இந்தக் கேஷும் ஒன்றாகிவிடுகின்றன; ஆங்கிலத்தில் எழுத்து வேறு. ஆனால் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டையுமே கொண்டுபோய்க் கட்டும்வரை நம்முடையது என்று சொல்ல முடியாது.

கே: நேராக வட்டில் எழுதித் தொலைக்க வேண்டியதுதானே? நடுவில் எதற்கு இத்தனை தரகர்கள்?
– லோரி நிறுவனக் கணக்கர், போர்ட் கிள்ளான்

ப: போர்ட் கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்கலாமா? கப்பலிலிருந்து தூக்கிய பெட்டியைத் துறைமுக வளாகத்தில் அடுக்குகிறார்கள். பிறகு உங்கள் லோரி வந்து, ஷா ஆலாமுக்குப் போக வேண்டியதையெல்லாம் சேர்த்து எடுத்துப் போகிறது. ஒரு பெட்டி ஷா ஆலாம் கிடங்கில் இறங்கிக் கையெழுத்தான பிறகுதான் கிரேன் அடுத்த பெட்டியைத் தூக்கும் என்று சட்டம் போட்டால் என்ன ஆகும்? மலாக்கா நீரிணை முழுக்கக் கப்பல் வரிசை.

வட்டில் அந்தச் சட்டத்தைப் போட்டுப் பார்க்கலாம். சுழலும் வட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று, வினாடிக்கு 120. ஒவ்வொரு வரியையும் ‘எழுதினாயா, காட்டு’ என்று கேட்டு நின்றால், எழுத வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் மறுபடி வந்து சேர ஒரு சுற்று காத்திருக்க நேரும். வினாடிக்கு நூற்றிருபது வரியைத் தாண்டுவதே பாடு. தேக்கம் இருந்தால், ஒரே பக்கத்தை நீங்கள் பத்துமுறை திருத்தினாலும் கடைசித் திருத்தம் மட்டும் ஒரே தடவையாகப் போய்ச் சேரும். பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு உரியவை சேர்ந்து போகும். தரகர்களைத் துரத்தினால் கணினியே நகராது. அவர்களிடம் ரசீது கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

கே: வேலை சொன்னால் என் கணவர் ‘ம்’ என்கிறார். வாரம் ஒன்றாகியும் நடக்கவில்லை. இது எழுத்துத் தேக்கமா?
– இல்லத்தரசி, பூச்சோங்

ப: இல்லை அம்மா. தேக்கத்தில் இருப்பது கரண்ட் இருந்தால் என்றைக்காவது வட்டுக்குப் போயே தீரும்.

கே: முப்பது வருடம் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். என் நினைவுக் குறிப்புகளைக் கணினியில் எழுதி வருகிறேன். இரண்டு முறை போய்விட்டது. ‘ஜர்னலிங் இருக்கு தாத்தா, ஒண்ணும் ஆகாது’ என்கிறான் பேரன். அப்படியென்றால் என்ன?
– ஓய்வுபெற்ற கிராணி, காப்பார்

ப: ஐயா, அந்த வேலையைப் பார்த்தவரே நீங்கள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று சின்ன நோட்டில் பேர் குறித்துக்கொள்வீர்கள். மதியம் பால் நிறுத்தபிறகு அதையும் குறிப்பீர்கள். ஆபீசுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் செக்ரோலில் மை போட்டு ஏற்றுவது. பெரிய புத்தகத்தைப் பெரட்டுக்களத்துக்குத் தூக்கி வந்தால் மழையில் நனையும். ஒவ்வொரு ஆளுக்கும் அதன் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால் வெயில் ஏறி மரத்தில் பால் நின்றுவிடும். ஆகவே முதலில் சின்ன நோட்டு, பிறகு செக்ரோல்.

ஜர்னல் என்பது அந்தச் சின்ன நோட்டு. ‘இன்னின்ன மாற்றம் செய்யப்போகிறேன்’ என்று முதலில் அதில் எழுதி முடித்துவிட்டுத்தான் இயங்குதளம் பெரிய பேரேட்டில் கை வைக்கும். நடுவில் கரண்ட் போனால், திரும்ப எழுந்ததும் முதலில் நோட்டைப் பார்க்கும். முழுதாக எழுதிய வரி இருந்தால் அதன்படி பேரேட்டைச் சரிசெய்யும். பாதி வரி இருந்தால் அடித்துவிட்டு நடக்காததாக எடுத்துக்கொள்ளும். 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் முதல் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வரை முறை இதுதான். ஜர்னல் இல்லாத கணினியில், கரண்ட் போய் வந்தால் மொத்தப் பேரேட்டையும் முதல் பக்கத்திலிருந்து சோதிக்க வேண்டும். நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் ஓடியதைப் பார்த்துக்கொண்டே ஒரு தட்டு நாசி லெமாக்கை முடித்தவர்கள் இங்கே ஏராளம்.

பேரன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் உங்கள் நினைவுக் குறிப்பு போனது. என்டிஎஃப்எஸ்ஸின் சின்ன நோட்டில் எழுதப்படுவது ஆள் பேரும் பக்க எண்ணும் மட்டுமே: இந்தப் பெயரில் ஒரு ஃபைல் உண்டு, அதன் அளவு இவ்வளவு, இருக்கும் இடம் இது. பால் எத்தனை பவுண்டு என்பது அதில் ஏறாது. அதாவது நீங்கள் எழுதிய வாசகம் அந்த நோட்டில் இல்லை. புத்தகம் கிழியாது, அது உத்தரவாதம். ஆனால் திறந்தால் ஃபைல் பெயர் இருக்கும், அளவு இருக்கும், உள்ளே வெற்றிடம். தோட்டத்தில் பேர் இருந்தும் ஆள் மரத்தடிக்கு வராத நாளில் நீங்கள் என்ன செய்வீர்களோ தெரியாது. கணினி முறைத்துக்கூடப் பார்க்காது.

ஒரு வேண்டுகோள். பத்தி முடியும்போதெல்லாம் கண்ட்ரோல்-எஸ் தட்டுங்கள், நாள் முடிந்ததும் இன்னொரு வட்டில் ஒரு பிரதி. தோட்டங்கள் வீடமைப்பாகிவிட்டன, உங்கள் குறிப்பு போனால் அந்தப் பெரட்டுக்களம் இருந்ததற்கு வேறு சாட்சி குறைவு.

கே: பென்டிரைவைப் பிடுங்குமுன் ‘பாதுகாப்பாக அகற்று’ என்று கேட்க வேண்டுமா? நான் ஒருநாளும் கேட்டதில்லை, ஒன்றும் ஆனதில்லை.
– கல்லூரி மாணவர், சுபாங் ஜெயா

ப: நீங்கள் பிழைத்ததற்குக் காரணம் மைக்ரோசாஃப்ட். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, பிடுங்கக்கூடிய வட்டுகளுக்குத் தேக்கம் வேண்டாம் என்பதை வழக்கமாக்கிவிட்டார்கள். உங்கள் மாதிரி ஆட்கள் உலகம் முழுக்க இருப்பதைத் தெரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் பாதி எழுத்துதான். மேக்கிலும் லினக்ஸிலும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் ‘உங்க பென்டிரைவ்ல ஒண்ணும் இல்லையே’ என்று சொல்லும் பையனிடம் பாதிப்பேர் சண்டைக்குப் போகிறார்கள். பிடுங்கியது யார்?

கே: பிரிக்பீல்ட்ஸில் ஜாதகம் கணிக்கிறேன். மென்பொருள்தான். இடி இடித்தால் யூபிஎஸ் அவசியமா?
– சோதிடர், ஜாலான் துன் சம்பந்தன் அருகில்

ப: இடி எப்போது விழும் என்பது உங்களுக்கல்லவா முதலில் தெரிய வேண்டும்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பள்ளத்தாக்கு உலகிலேயே அதிகம் மின்னல் விழும் வட்டாரங்களில் ஒன்று. வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் இங்கே எங்காவது இடி முழங்குகிறது. அதிலும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை நேரம் மோசம். பெரும்பாலும் ஊர் கரண்ட் போவதுகூட இல்லை. பக்கத்தில் எங்கோ மின்னல் விழ, வாசற்கதவுக்கு மேலே இருக்கும் பெட்டியில் கசிவுக் காப்பு ‘டக்’கென்று டிரிப் ஆகும். நாற்காலி போட்டு ஏறி அதைத் தூக்கிவிட இரண்டு நிமிடம். அந்த ‘டக்’ போதும், தேக்கத்தில் இருந்த ஜாதகம் போக.

ஆகவே யூபிஎஸ் அவசியம். சின்னதாக வாங்கினால் போதும். பத்து நிமிடம் தாங்கினால் பெரிது. அதன் வேலை உங்களைத் தொடர்ந்து ஜாதகம் பார்க்க வைப்பதல்ல, மூடிவைக்க அவகாசம் தருவது. யூபிஎஸ்ஸோடு வரும் யூஎஸ்பி கம்பியைப் பலர் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். அதைக் கணினியில் செருகி, கூட வரும் மென்பொருளையும் போட்டால்தான் நீங்கள் கடையில் இல்லாத நேரத்திலும் கணினி தானாகச் சேமித்து மூடிக்கொள்ளும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருகாதீர்கள். சூடேறும்போது அது இழுக்கிற இழுப்பில் யூபிஎஸ் மூச்சுவிட்டுவிடும். பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மின்னல் தடுப்பு பிளக் வாங்கியிருக்கிறேன், அது போதாதா என்பீர்கள். அது கருவியைக் காக்கும். எழுத்தைக் காக்காது.

பக்கத்துக் கிளி சோதிடரைப் பாருங்கள். கிளி எடுப்பது அச்சடித்த சீட்டு. கூண்டுக்கு யூபிஎஸ் வேண்டாம்.

கே: நான் லேப்டாப் வைத்திருக்கிறேன். உள்ளேயே பேட்டரி. எனக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லைதானே?
– ஆய்வு மாணவி, கோம்பாக்

ப: மூன்றில் ஒரு கவலை இல்லை. கணினிச் சாவு மூன்று வகை. முதலாவது, வேர்டு மட்டும் சாவது. நீங்கள் சேவ் கொடுத்தவரை பத்திரம், ஏனென்றால் அது விண்டோஸின் கைக்கு வந்துவிட்டது. விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. சேவ் கொடுக்காதது, வேர்டு தானாக எடுத்து வைக்கும் மீட்புப் பிரதியில் இருந்தால் உண்டு. வழக்கமான அமைப்பில் அது 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான். ஒன்பதரை நிமிடச் சிந்தனை போகலாம்.

இரண்டாவது, விண்டோஸே சாவது. நீலத் திரை. இங்கே விண்டோஸ் தன் நினைவகத்தில் வைத்திருந்தது போகும். வட்டின் கைக்குப் போனது பிழைக்கும், ஏனென்றால் அதற்கு இன்னும் கரண்ட் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு பிழையான புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை இப்படிச் சாய்த்தது. அத்தனையிலும் எங்கும் மின்சாரம் போகவில்லை. பேட்டரி என்ன செய்திருக்கும்?

மூன்றாவது, மின்சாரமே போவது. இரண்டு தேக்கமும் காலி. இதிலிருந்துதான் உங்கள் பேட்டரி காப்பாற்றுகிறது. அதையும் லேப்டாப் உறைந்துபோனதும் பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைக்கிறீர்களே, அப்போது நீங்களே பறித்துவிடுகிறீர்கள். உறைந்தால் உடனே அமுக்காதீர்கள். ஒரு நிமிடம் விடுங்கள். வட்டு விளக்கு இருந்தால் அது அடங்கட்டும். ஆய்வேட்டைவிட அவசரம் எது?

கே: எங்கள் காலத்தில் டாஸில் இதெல்லாம் கிடையாதே. எழுதினால் எழுதியதுதான்.
– பழைய ஆள், செகாம்புட்

ப: அப்படித்தான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம், 1993 வரை. லோ யாட் பிளாசா பிறக்காத காலம், இம்பி பிளாசாவில் டிஸ்கெட் வாங்கிய காலம். அந்த வருடம் மைக்ரோசாஃப்ட் டாஸ் 6.0 கொண்டுவந்தது. அதோடு ஸ்மார்ட்டிரைவ் என்ற தேக்கக்காரர் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டார். எழுத்தையும் தேக்கி வைத்துக்கொண்டு, ‘சி’ என்று முடிந்ததற்கான அடையாளத்தைத் திரையில் காட்டிவிடுவார். டாஸ்காரர்களுக்கு அன்று ஒரு பழக்கம்: அந்த ‘சி’யைப் பார்த்தால் வேலை முடிந்தது, சுவிட்சை அணைத்துவிட்டுப் போகலாம். அணைத்தார்கள். ஃபைல் போனது. பழியில் பெரும்பங்கு அப்போது புதிதாக வந்த டபுள்ஸ்பேஸ் என்ற சுருக்கி வைக்கும் வசதிமேல் விழுந்தது. அந்த வருடம் முடிவதற்குள் டாஸ் 6.2 வந்தது, எழுதி முடியும்வரை ‘சி’ காட்டக் கூடாது என்று ஆக்கினார்கள், எழுத்தைத் தேக்குவதையும் கேட்டால்தான் என்று மாற்றினார்கள்.

ஆரஞ்சு எழுத்தில் ‘இப்போது அணைக்கலாம்’ என்று விண்டோஸ் 95 சொன்னதே, அது இந்தப் பாடத்தின் பிள்ளை. பிறகு கணினி தானே அணைந்துகொள்ளக் கற்றது. கற்றதில் அவசரம்: விண்டோஸ் 98 சில வேகமான கணினிகளில் வட்டு தன் சின்ன நினைவகத்தைக் காலி செய்வதற்குள்ளேயே மின்சாரத்தை வெட்டிவிட்டது. அதற்கு வந்த மருந்து என்ன தெரியுமா? அணைப்பதற்கு முன் இரண்டு வினாடி சும்மா இரு என்று ஒரு புதுப்பிப்பு. கணினி வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த மருந்து அதுதான்.

கே: 1996இல் ஊரே இருண்டதே, அன்று எத்தனை கணினிகள் இப்படி இழந்திருக்கும்?
– வாசகர், ராவாங்

ப: 1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, மாலை 5.17. திரெங்கானு பாக்கா மின்நிலையத்தின் பக்கம் தொடங்கிய கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கியது. எத்தனை கணினி என்று எண்ணியவர் இல்லை. ஆனால் அன்று சனிக்கிழமை என்பதும் மாலை என்பதும் பலரைக் காப்பாற்றின. அலுவலகங்களில் பாதி மூடிவிட்டிருந்தன. இதுவே செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி என்றால் வேறு கதை.

கே: புதிதாக எஸ்எஸ்டி போட்டிருக்கிறேன். சுழலும் தட்டு இல்லை, ஊசி இல்லை. எழுத்துத் தேக்கமும் இல்லை அல்லவா?
– டாக்ஸி ஓட்டுநர், கெப்போங்

ப: தட்டு போனது, தேக்கம் போகவில்லை. சொல்லப்போனால் கூடியிருக்கிறது. எந்த எழுத்து எந்தச் சில்லில் என்று ஒரு வரைபடத்தை அது எப்போதும் கையில் வைத்துக்கொண்டு மாற்றிக்கொண்டே இருக்கும். கரண்ட் போகும் நொடியில் வரைபடமே பாதியில் நின்றால், உங்கள் புதிய ஃபைல் மட்டுமல்ல, என்றோ எழுதியதும் வழி தவறலாம். 2013இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து 15 எஸ்எஸ்டிகளை எடுத்து, எழுதும்போதே மறுபடி மறுபடி மின்சாரத்தை வெட்டிப் பார்த்தார்கள். 13இல் ஏதாவது ஒரு கோளாறு. ஒன்று அடியோடு செத்துப்போனது. வங்கி, மருத்துவமனைக் கணினிகளுக்கு விற்கும் எஸ்எஸ்டிகளில் சின்னச் சின்ன மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு அதில் மூச்சு இருக்கும். மலிவுப் பெட்டியில் அது இருக்காது. வாங்கும்போது ‘மின்தடைக் காப்பு’ உண்டா என்று கேளுங்கள். கடைக்காரர் விழிப்பதைப் பார்ப்பதற்காகவாவது.

கே: நான் நிரல் எழுதுபவள். முக்கியமான இடத்திலெல்லாம் எஃப்சிங்க் போடுகிறேன். இனி நிம்மதியாகத் தூங்கலாமா?
– மென்பொருள் பொறியாளர், சைபர்ஜெயா

ப: மற்ற வாசகர்களுக்கு ஒரு வரி: எஃப்சிங்க் என்பது ‘ஓக்கே பாஸ் எல்லாம் வேண்டாம், எழுதிவிட்டு ரசீதைக் காட்டு’ என்று நிரல் பிடிக்கும் பிடிவாதம்.

உங்களுக்கு: தூங்கலாம், ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. மேக்கில் எஃப்சிங்க் போட்டால் வட்டின் கைவரைதான் போகும். வட்டுத் தன் தேக்கத்தையும் காலி செய்ய வேண்டுமென்றால் எஃப்-ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஆப்பிள் இதைத் தன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. படிப்பவர்கள் குறைவு.

லினக்ஸில் 2009இல் ஒரு கூத்து. ஈஎக்ஸ்டி4 புதிது. கணினி உறைந்து எழுந்ததும் பலருக்கு மேசைத்திரை அமைப்பு ஃபைல்கள் பூஜ்ய அளவில் இருந்தன. பழைய ஃபைலைக் காலி செய்துவிட்டு அதிலேயே புதியதை எழுதும் நிரல்கள். காலி செய்தது வட்டுக்குப் போய்விட்டது, எழுதியது போகவில்லை. அதைப் பராமரித்த தியோடர் சோ (துக்ளக் சோ அல்ல, ஆனால் பதிலில் அதே காரம்) நிரல் எழுதுபவர்கள் எஃப்சிங்க் போடாததே தப்பு என்றார். சொல்லிவிட்டு, அவர்களுக்காக ஈஎக்ஸ்டி4ஐயும் திருத்திக் கொடுத்தார். பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது மனை தேடாதீர்கள்: புதிய ஃபைலில் எழுதி, எஃப்சிங்க் போட்டு, பிறகு பெயரை மாற்றுங்கள்.

இதைவிடப் பெரியது 2018. எழுத முடியவில்லை என்று எஃப்சிங்க் ஒருமுறை பிழை சொன்னால், ‘சரி, மறுபடி போடு’ என்று கேட்டு வந்தது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். இரண்டாம் முறை லினக்ஸ் ‘ஆச்சு’ என்றது. ஆகவில்லை. முதல் பிழையிலேயே அந்தப் பக்கத்தை எழுதியாகிவிட்டதாகக் குறித்துக்கொண்டு கைகழுவியிருந்தது. உலகத்திலேயே எச்சரிக்கையான தரவுத்தளக்காரர்கள் பல வருடம் நம்பியிருந்த ரசீது அது. 2019 பிப்ரவரியில் அவர்கள் எடுத்த முடிவு எனக்குப் பிடிக்கும்: ஒருமுறை பிழை வந்தால் மறுபடி கேட்பதில்லை, தரவுத்தளமே விழுந்து, தன் சின்ன நோட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதிக்கொண்டு எழுந்திருக்கும். காப்பார் கிராணி ஐயா கேட்டால் ‘அதைத்தானே நாங்கள் செய்தோம்’ என்பார்.

கே: கோயில் கணக்குக் கணினியில், வட்டின் பண்புகளில் எழுத்துத் தேக்கத்துக்கு இரண்டு கட்டம் இருக்கிறது. இரண்டையும் எடுத்துவிடவா, இரண்டையும் போடவா?
– பொருளாளர், கிள்ளான்

ப: முதல் கட்டம் தேக்கத்தையே அனுமதிப்பது. அது இருக்கட்டும், எடுத்தால் கணினி தேர்போல நகரும். இரண்டாவது, ‘தேக்கத்தைக் காலி செய்யச் சொல்லும் கட்டளையை விண்டோஸ் அனுப்பாமல் இருக்கட்டுமா’ என்று கேட்பது. அதாவது ரசீது கேட்பதையே நிறுத்தட்டுமா என்று. அதில் குறி வைக்கவே வைக்காதீர்கள். வட்டுக்குத் தனி மின்கலக் காப்பு இருப்பவர்களுக்கு மட்டும் அது. ‘கணினியை வேகமாக்குங்கள்’ என்று எங்கோ படித்துவிட்டு யாராவது ஏற்கெனவே குறி வைத்திருந்தால் இன்றே எடுங்கள். உண்டியல் கணக்கில் இது வேண்டாம்.

கே: நான் எல்லாவற்றையும் கூகுளில்தான் எழுதுகிறேன். சேவ் பொத்தானே இல்லை!
– எழுத்தாளர், அம்பாங்

ப: பொத்தான் இல்லை, தேக்கம் உண்டு. மேலே ‘சேமிக்கிறது’ என்று வருவது ஓக்கே பாஸ். ‘டிரைவில் சேமிக்கப்பட்டது’ என்று மாறுவதுதான் ரசீது. எல்ஆர்டி சுரங்கத்தில் நுழைந்து லைன் அறுந்த பிறகு நீங்கள் எழுதிய உச்சக்கட்டம், ரசீது வரும்வரை உங்கள் கைபேசியின் பொறுப்பு.

கே: 2021 வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கணினி மூழ்கியது. வட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஏதாவது கிடைக்குமா?
– வாசகி, ஷா ஆலாம்

ப: டிசம்பர் 18 இரவு தேக்கத்தில் இருந்தது அன்றே போனது. வட்டில் ஏறியிருந்தது கிடைக்க வாய்ப்பு உண்டு. சேறு தட்டுக்குள் போயிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மின்சாரம் மட்டும் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஒருமுறை சுழன்றால் சேற்றுத் துகளே தட்டைச் சுரண்டிவிடும். தரவு மீட்பு ஆய்வகத்தில் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். செலவு ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போகலாம் என்பதால் உள்ளே இருப்பது குழந்தைப் படங்களா, பழைய பாட்டா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு: எஃப்சிங்க், ஜர்னல், யூபிஎஸ் மூன்றும் வெள்ளத்துக்கு எதிரே ஒன்றுமில்லை. இன்னொரு பிரதி இன்னொரு வீட்டில் இருக்க வேண்டும். மேட்டில் இருக்கும் வீடாகப் பாருங்கள்.

கே: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்களுடையது என்றைக்காவது போயிருக்கிறதா?
– வம்பு வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

ப: போயிருக்கிறது. ஒரு கோயில் கும்பாபிஷேக மலர், 64 பக்கம். நான்தான் தொகுத்தேன், நான்தான் தட்டச்சு. கடைசி நாள் மாலை நன்கொடையாளர் பட்டியலில் விடுபட்ட பன்னிரண்டு பேரைச் சேர்த்து, சேவ் கொடுத்து, ‘ஆனது’ என்று பார்த்து, எழுந்திருக்கும்போது ஓர் இடி. வாசற்பெட்டி டிரிப். தூக்கிவிட்டுக் கணினியைப் போட்டுத் திறந்தேன். ஃபைல் ஒழுங்காகத் திறந்தது. அதனால் சரிபார்க்கவில்லை. அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினேன். ஒழுங்காகத் திறந்தது முந்தைய நாள் பிரதி.

மலர் வெளியான அன்று பன்னிரண்டு பேரும் மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பக்கம் புரட்டினார்கள். பதினொரு பேர் மன்னித்துவிட்டார்கள். ஒருவர் இன்றும் என்னைக் கண்டால் பிரகாரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறார். அவர் பக்கம்தான் நியாயம்.